சொம்பில் இரண்டு சீட்டு

பெருநகர்,
கார்த்திகை முதல் வியாழக்கிழமை.

அன்புள்ள மலருக்கு,

நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். சுகமில்லை என்று எழுதினால் லீவு போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவாய். அதனால் உடம்பைப் பற்றி ஒன்றும் எழுதப்போவதில்லை. ஒரு பழைய கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை உத்திரமேரூர் கல்வெட்டு பார்க்க வருடா வருடம் அழைத்துப் போவேனே, ஒரு வருடம் பெண்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நீயும் பாங்குக்கு லீவு போட்டுவிட்டு வந்தாய். நான் வழக்கம்போலக் கோயில் சுவரைக் காட்டிக் குடவோலையை விளக்கினேன். தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போடுவார்கள், குலுக்கி எடுப்பார்கள், யார் பெயர் வருகிறதோ அவர் ஊர் வேலையை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். சுபாஷ்ரீ என்று ஒல்லியாக ஒரு பெண், எப்போதும் கடைசி பெஞ்சு, அவள் மட்டும் கேட்டாள்: "சார், எனுக்கு வாணாம்னு சொல்றவன் பேரையும் குடத்துல போட்டுடுவாங்களா?"

யார் யாருக்குத் தகுதி இல்லை என்று அந்தச் சுவரில் நீளமாக இருக்கிறது. விருப்பமில்லாதவரைப் பற்றி நான் படித்த வரையில் ஒரு வரியும் இல்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். திரும்பும்போது பஸ்ஸில் நீ என் காதருகே வந்து, "வாணாம்னு சொல்றவங்க பேர போடறதா இல்லையான்றது அப்புறம் சார். ஏன் வாணாம்னு சொல்றாங்கன்னு யாராச்சும் கேட்டாங்களா?" என்றாய். 'சார்' என்று நீ சொன்னதால் அது கேலி என்று எடுத்துக்கொண்டேன். எல்லோருமாகச் சிரித்தோம். சுபாஷ்ரீக்கு நான் பதில் சொல்லவே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்கும் அப்படித்தான் நழுவிவிட்டேன். ஆபீசர் வேலையில் புரொபேஷன் முடிகிறது, வேண்டாமென்றால் பழைய கிளார்க் வேலைக்கே திரும்பலாம், இந்த மாதக் கடைசிக்குள் சொல்லியாக வேண்டும் என்று விளக்கிவிட்டு, "நான் உத்திரமேரூர் பிராஞ்சுக்கே வந்துடட்டுமா, இல்ல நீங்க ராஜமுந்திரிக்கு வந்துடறீங்களா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்றாய். எழுதுகிறேன் என்றேன். நீ சிரித்தாய். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள், போனிலேயே சொல்லலாமே என்றாய்.

போனில் எப்படிச் சொல்வது? நான் கூப்பிடும் நேரத்தில் நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சமைக்கிறாய். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கும். "மாஸ்டாரு வராரு, ஒரு நிமிஷம்" என்பாய். அந்த ஒரு நிமிஷத்தில் நான் இங்கே சட்னி அரைத்து, தாளித்து, மிக்ஸியையும் கழுவி வைத்துவிடுகிறேன். கடிதத்துக்கு ஸ்பீக்கர் கிடையாது. கதவைச் சாத்திக்கொண்டு படி.

ஊர்ச் செய்தி கொஞ்சம். மழை இந்த வருடம் ஏமாற்றவில்லை. ஏரி முக்கால்வாசி நிரம்பிவிட்டது. நம் நிலத்தில் கதிர்வேல் நடவை முடித்துவிட்டான். பின்கட்டு ஓடு இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. அண்டாவை ஓரிடத்திலும் குக்கரை இன்னோரிடத்திலும் வைத்திருக்கிறேன். குக்கரை வைத்துவிட்டதால் சோறு வடித்துத்தான் சாப்பிடுகிறேன். பரவாயில்லை, வடித்த சோறு நன்றாக இருக்கிறது. ஸ்ரீலேகா சென்னையிலிருந்து வாரம் ஒருமுறை வந்து, பிரிட்ஜைத் திறந்து பார்த்து, என்னைத் திட்டிவிட்டுப் போகிறாள். அவளிடமும் உன் கேள்வியைச் சொன்னேன். "இது உங்க ரெண்டு பேர் விஷயம்ப்பா" என்று சொல்லிவிட்டாள். நல்ல பெண்ணை வளர்த்திருக்கிறாய். எனக்கு ஆதரவாக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

பஸ் ஸ்டாண்டில் ராஜாராமைப் பார்க்காமல் ஊருக்குள் நுழைய முடியாது என்பது உனக்குத் தெரியும். கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் வருகிறவர் போகிறவர் எல்லோரையும் அவர்தான் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறார். நேற்று பத்துப் பேர் நடுவே, "இன்னா வாத்யாரே, வூட்டம்மா ஆந்திராவுல ஆபீசராமே. நீ இன்னா இங்க ஒண்டியா பேஜார் பட்டுக்கினு கீறே? போய் டிபன் கேரியர் தூக்க வேண்டிதானே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன். திறந்தபின் நின்றுவிட்டது.

இப்போது எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். எனக்குப் பொறாமையாக இருக்கிறது மலர். முதலில் உன் கோதாவரியின் மேல். தசராவுக்கு நான் வந்தபோது அதைப் பார்த்தேன். ஒரு கரையில் நின்றால் மறு கரை தெரியாத தண்ணீர். ஆறு என்றால் மணல், மணலுக்கு நடுவே முள்செடி, ஓரத்தில் லாரித்தடம் என்று பார்த்துப் பழகியவனுக்கு அது அநியாயமாகத் தோன்றியது. தினமும் காலையில் நீ அந்தப் படித்துறையில் நடக்கிறாய். இங்கே இருந்தவரை நடக்கவா என்று கூப்பிட்டால் முழங்கால் வலிக்கிறது என்பாய்.

அப்புறம் உன் தெலுங்கின் மேல். காய்க்காரியிடம் நீ பேரம் பேசியதை நின்று பார்த்தேன். என்ன பேசினாய் என்று புரியவில்லை. அவள் சிரித்தாள், நீயும் சிரித்தாய், ஒரு கத்திரிக்காய் கூடுதலாக விழுந்தது. உன் வாயிலிருந்து எனக்குப் புரியாத சொல் வந்தது அதுதான் முதல் தடவை.

உன் பாங்குக்கு அழைத்துப்போனாயே, அங்கே உன் அறைக் கதவில் பெயர்ப்பலகை இருந்தது. மேலே தெலுங்கில் ஒரு வரி, வட்டம் வட்டமாக. உன் பெயர்தான் என்று தெரியும். ஆனாலும் அதை என்னால் படிக்க முடியவில்லை. எத்தனை பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்த ஒரு வரிக்கு முன்னால் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வந்த பிள்ளை மாதிரி நின்றேன். உள்ளே மகளிர் குழுப் பெண்கள் காத்திருந்தார்கள். நீ நுழைந்ததும் எழுந்து, மேடம்காரு என்றார்கள். நான் உனக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவர்களில் ஒருத்தி எனக்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள், சுவரோரமாக.

அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. அதை எழுதினால் கோபத்தில் எழுதியதாகிவிடும். மின்சாரமும் போய்விட்டது. நாளைக்கு எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை.

நேற்று எழுதியதை இன்று காலை படித்துப் பார்த்தேன். கிழித்துவிடலாமா என்று தோன்றியது. பிள்ளைகள் அடித்து அடித்து எழுதிய விடைத்தாளையும் நான் வாங்கித்தான் திருத்துவேன், அடித்ததற்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்ப்பேன். அதனால் இதையும் அப்படியே அனுப்புகிறேன்.

நேற்று விட்ட விஷயம், உன் வீட்டுக்காரர். வீட்டுக்காரர் என்றால் வாடகைக்கு விட்டவரைச் சொல்கிறேன், என்னை இல்லை. பிரகாச ராவ் மாஸ்டார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், மனைவியை இழந்தவர், எழுபதைத் தாண்டியவர், யாரும் குறை சொல்ல முடியாத மனிதர். அதுதான் எனக்குக் கஷ்டம். குறை சொல்ல முடிந்தால் எழுதி ஆறுதல் அடைந்திருப்பேன். நீ ராஜமுந்திரிக்குப் போன இரண்டாம் வாரமே போனில், "மாஸ்டாரு உங்கள மாதிரியேங்க, எதுக்கெடுத்தாலும் ஒரு உதாரணம் சொல்வாரு" என்றாய். நீ அதை எனக்கு மகிழ்ச்சியாக இருக்கட்டும் என்றுதான் சொன்னாய். நான் அன்றைக்கு ரசத்தில் இரண்டு முறை உப்புப் போட்டேன்.

பொறாமை என்றால் என்ன என்று ஒரு பிள்ளை கேட்டிருந்தால் நான் இந்த உதாரணத்தைச் சொல்லியிருப்பேன். பஸ்ஸில் நமக்கு ஜன்னல் சீட்டு. நம் ஊர் வந்துவிட்டது, இறங்கிவிட்டோம். இனி அந்த சீட்டு நமக்கு எதற்கும் உதவாது. ஆனாலும் கீழே நின்று, அதில் யார் உட்காருகிறார் என்று பார்க்கிறோம். அவர் ஜன்னலைச் சாத்திவிட்டால் கோபம் வருகிறது. உதாரணம் சொல்கிற சீட்டில் இன்னொரு வாத்தியார் உட்கார்ந்து, ஜன்னலையும் நன்றாகத் திறந்து வைத்திருக்கிறார். காற்று உனக்கு வருகிறது.

தசராவில் அவரும் நானும் தினமும் காலையில் படித்துறைக்குப் போனோம். உனக்கு முன்னால் நண்பர்கள் மாதிரி கிளம்பினோம். அங்கே நடந்தது உனக்குத் தெரியாது. அவருக்குத் தமிழ் வராது, எனக்குத் தெலுங்கு வராது, இரண்டு வாத்தியார்களும் பாடப்புத்தக ஆங்கிலத்தில் பேசிக்கொண்டோம். அவர் பழைய ரயில் பாலத்தைக் காட்டி விளக்கினார். நான் காதில் வாங்கவில்லை. அடுத்து நான் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பாலாற்றிலும் தண்ணீர் இருக்கிறது, மணலுக்கு அடியில் ஓடுகிறது என்றேன். அவர் மிகவும் மரியாதையாகத் தலையாட்டினார். அந்த மரியாதைதான் சுட்டது. என்னை 'தம்முடு' என்று வேறு கூப்பிட்டார். தம்பியாம்.

உன் சமையலறை மேடையில் நம் பித்தளைச் சொம்பைப் பார்த்தேன். நீ போன மறுநாளிலிருந்து அதை இங்கே தேடிக்கொண்டிருந்தேன், பரணில்கூட ஏறிப் பார்த்தேன். நீ எடுத்துப்போயிருக்கிறாய். அதைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அதில் தண்ணீர் ஊற்றி, மாஸ்டார் தோட்டத்துச் செவ்வந்தியைச் செருகி வைத்திருந்தாய். நம் சொம்பில் அவர் பூ.

அந்தச் சொம்பை ஏன் எடுத்துப்போனாய் என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

நான் கிளம்பிய நாள் காலையில் படித்துறையில் மாஸ்டார் எனக்கு ஓர் உதாரணம் சொன்னார். கிணற்று மோட்டாருக்குள் காற்று புகுந்துவிட்டால் எவ்வளவு நேரம் ஓடினாலும் உறுமுமே தவிர ஒரு சொட்டும் எடுக்காது. மேலே திறந்து ஒரு குடம் சாணி கரைத்த தண்ணீரை ஊற்ற வேண்டும். சாணி ஓட்டையை அடைக்கும், தண்ணீர் காற்றை வெளியே தள்ளும், அதன் பிறகு அது ஒரு கழனிக்கே பாய்ச்சும். மனிதர்களும் அப்படித்தான், முதல் குடத்தை நாம் ஊற்ற வேண்டும் என்றார்.

எனக்குப் புருவம் உயர்ந்தது. உங்கள் ஊரில் எல்லாம் கால்வாய்ப் பாசனம் ஆயிற்றே, சாணித் தண்ணீர் ஊற்றி மோட்டாரை எழுப்புவதை நீங்கள் எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். பார்த்ததே இல்லை, எல்லாம் மேடம் சொன்னதுதான் என்றார். முதல் மகளிர் குழுக் கூட்டம் அவர் வீட்டு வாசலில்தான் நடந்ததாம். பெண்கள் யாரும் வாயே திறக்கவில்லையாம். நீ பாதித் தமிழும் பாதித் தெலுங்குமாக இந்த மோட்டாரைச் சொன்னாயாம், உறுமியும் காட்டினாயாம். அவர்கள் சிரித்த சிரிப்பில் கூட்டம் நடந்துவிட்டதாம். "மேடம் 'மா ஆயன' என்று ஆரம்பித்தால் ஓர் உதாரணம் வரப்போகிறது என்று இந்தத் தெருவுக்கே தெரியும்" என்றார். மா ஆயன என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். என் கணவர் என்று அர்த்தமாம். அவர் என்னிடம் இவ்வளவு நாள் சொன்னதில் பாதி, நீ அவருக்குச் சொன்னது. என் உதாரணங்களையே அவர் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வேறொருவனாக இருந்தால் அந்த இடத்திலேயே குளிர்ந்திருப்பான். எனக்கு இன்னும் அதிகமாயிற்று மலர். வாய் திறக்காத பிள்ளைகளுக்காக நான் கண்டுபிடித்த உதாரணம் அது. நம் பெருநகர்க் கிணற்றைத் தாண்டிப் போகாதது. அது என்னை இங்கே விட்டுவிட்டு உன்னோடு மாறுதல் வாங்கிக்கொண்டு போய், கோதாவரிக் கரையில், நான் பார்த்தே இராத பெண்களுக்கு நடுவே கைதட்டு வாங்கியிருக்கிறது. நான் உதாரணம் சொல்ல இங்கே இனி யார் இருக்கிறார்கள்? ராஜாராமுக்கா சொல்வேன்? மாஸ்டார் மேல் எனக்குப் பொறாமை இல்லை என்பது அன்றுதான் தெரிந்தது. உன் மேல்தான். நான் இறங்கிவிட்ட பஸ்ஸில் நீ இப்போதுதான் ஏறியிருக்கிறாய்.

அன்று மாலையே, 'கதிர்வேல் போன் செய்தான், மோட்டார் ரிப்பேர்' என்று சொல்லிக் கிளம்பினேன். அவன் போன் செய்யவே இல்லை. ரயிலடியில் நீ என் பைக்குள் பூதரேகுலு இனிப்புப் பொட்டலத்தை வைத்தாய். காகிதம் மாதிரி மெலிதாக இருக்கிறது, பத்திரம், நொறுங்கிவிடும் என்றாய். செங்கல்பட்டில் இறங்கும்வரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். அப்படியும் நொறுங்கிவிட்டது. ஸ்பூனால் சாப்பிட்டேன்.

இதையெல்லாம் எழுதிவிட்டு, சுருக்கமாக 'நீயே திரும்பி வந்துவிடு' என்று முடித்துவிடலாம் என்றுதான் நேற்று உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்கிறேன். அதற்குக் காரணங்களும் வரிசையாக வைத்திருந்தேன். ஓடு, நிலம், உன் முழங்கால், ஸ்ரீலேகாவுக்குப் பார்க்க வேண்டிய வரன். ஆனால் இன்று காலையில் பாங்குக்குப் போக வேண்டியிருந்தது.

உன் கவுண்டரில் இப்போது கல்பனா என்று ஒரு பெண் இருக்கிறாள், மாகறல்காரி. வரிசையில் எனக்கு முன்னால் ராணியம்மாள் நின்றிருந்தார், உன்னிடம் மட்டுமே பென்ஷன் வாங்குவாரே, அவர்தான். என்னைப் பார்த்ததும், "உன் பொஞ்சாதி இருந்தா, இன்னாம்மா நாஷ்டா ஆச்சான்னு கேக்கும். இந்தப் பொண்ணு தலையே தூக்க மாட்டேங்குது. எப்ப சார் இட்டுக்கினு வரப்போறே?" என்றார். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். உன் இடம் இன்னும் யாராலும் நிரம்பவில்லை, வந்தால் உட்காரலாம். சாட்சியோடு எழுதலாம் என்று மனத்துக்குள் குறித்துக்கொண்டேன்.

என் முறை வந்தது. கல்பனா பாஸ்புக்கை வாங்கிப் பெயரைப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினாள். நீங்கள் மலர்க்கொடி மேடத்தின் வீட்டுக்காரரா என்று எழுந்தே நின்றுவிட்டாள். மேடம் அங்கே எப்படி இருக்கிறார், அறை எப்படி இருக்கிறது, தெலுங்கு வந்துவிட்டதா என்று வரிசையை மறந்து கேட்டாள். நானும் பெருமையாகச் சொன்னேன். நீயும் ஆபீசர் பரீட்சை எழுதம்மா என்றேன். அவள் சிரித்தாள். "இந்த வருஷமும் இஷ்டமில்லன்னு எழுதிக் குடுத்துட்டேன் சார். வெளி ஸ்டேட்டு போட்டுடுவாங்க. அவரு எங்க வருவாரு? எனக்கும் இஷ்டம் இல்ல சார்" என்றாள்.

அந்தச் சிரிப்பை நான் நன்றாக அறிவேன். வருடா வருடம் பதவி உயர்வுச் சுற்றறிக்கை வரும் மாதத்தில் நீயும் இப்படித்தான் சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் வருவாய். இந்த வருஷமும் இஷ்டமில்லைன்னு சொல்லிட்டேன், காபி போடட்டுமா என்பாய். நான் போடு என்பேன். நான் ரிட்டயரான மறு வருடம்தான் நீ காபி போடட்டுமா என்று கேட்கவில்லை. பரீட்சைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றாய்.

கல்பனாவிடமிருந்து பாஸ்புக்கை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட்டேன். ஏன் இஷ்டமில்லை என்று கேட்டிருக்கலாம். பின்னால் வரிசை நின்றது. ராணியம்மாள் போகாமல் வாசலில் காத்திருந்தார், மறுபடியும் எப்போது அழைத்துவரப் போகிறாய் என்று கேட்டார். வரமாட்டாள் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது.

ஆகவே உன் கேள்வியில் ஒரு பாதிக்குப் பதில் சொல்லிவிட்டேன். திரும்பி வருகிறேன் என்று ஹெட் ஆபீசுக்கு எழுதாதே. உனக்கு இன்னும் ஐந்து வருடம் சர்வீஸ் இருக்கிறது. அந்தக் கதவில் உன் பெயர் இருக்கட்டும், எனக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும்.

மறு பாதிதான் எழுத வரவில்லை. இந்தப் பக்கத்தில் நான்கு முறை அடித்திருக்கிறேன், பார்.

ஸ்ரீலேகா எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்த காலம் ஞாபகம் இருக்கிறதா? மாட்டுப் பொங்கலுக்கு எங்கே இருப்பது என்று ஒவ்வொரு வருடமும் நம் வீட்டில் வழக்கு. அன்றைக்குத்தான் காஞ்சிபுரத்து வரதர் உங்கள் ஊர் பழையசீவரம் மலைக்குப் பார்வேட்டை உற்சவத்துக்கு வருவார். நீ போயாக வேண்டும் என்பாய். மருமகள் பண்டிகைக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்று என் அம்மா சொல்வார். கல்வெட்டுப் பாடம் நடத்துகிறவன் வீட்டில் சண்டை எதற்கு என்று அந்தப் பித்தளைச் சொம்பில் இரண்டு சீட்டு போடுவதை நான்தான் ஆரம்பித்தேன். சீட்டு எழுதுவது நீ, எடுப்பது குழந்தை. முதல் வருடம் பழையசீவரம் வந்தது. மறு வருடமும் அதுவே. அதற்கு அடுத்த வருடமும். வரதரே கூப்பிடுகிறார் என்று அம்மாகூட வாயை மூடிக்கொண்டார். அப்புறம் ஒரு பொங்கலுக்கு ஸ்ரீலேகா சொம்பைக் கவிழ்த்து, மிச்சமிருந்த சீட்டையும் பிரித்து, ப, ழை, ய என்று கூட்டிப் படித்தாள். நீ பால் பொங்கிவிட்டது என்று அடுப்பைப் பார்க்க ஓடினாய். அடுப்பு பற்றவைக்கவே இல்லை. அம்மா சிரித்ததில் புரையேறிவிட்டது. அந்த வருடமும் நாம் பழையசீவரம்தான் போனோம்.

உன்னிடம் நான் சொல்லாத ஒன்று உண்டு. இரண்டாம் வருடமே எனக்குத் தெரியும். நீ எழுதும்போது பேனா இரண்டு தடவையும் ஒரே மாதிரி ஓடியது. எழுத்தைப் பார்க்காமலே பிள்ளைகள் காப்பியடிப்பதைக் கண்டுபிடிக்கிறவன் நான். ஆனால் எனக்கும் அந்த மலைக்கு வர ஆசை. படியேறும்போது நீ பேசிக்கொண்டே வருவாய், வீட்டில் பேசாததெல்லாம் பேசுவாய். அம்மாவிடம் அதை எப்படிச் சொல்வது? பொண்டாட்டி பின்னால் போகிறான் என்பார். சீட்டு சொல்லிவிட்டால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. உன் திருட்டுச் சீட்டுக்காக நான் வருடம் முழுவதும் காத்திருப்பேன்.

இப்போது அம்மா இல்லை. அந்த வேலையை ராஜாராம் பார்க்கிறார்.

வீட்டைப் பூட்டினால் என்ன ஆகும் என்று நீ கவலைப்படுவாய் என்பதால் இதையும் எழுதுகிறேன். ஓட்டை மாற்றச் சொல்லிவிட்டேன், மழை விட்டதும் ஆள் வருகிறார். நிலத்தைக் கதிர்வேல் இப்போதும் தனியாகத்தான் பார்க்கிறான், நான் வரப்பில் நின்று உதாரணம் சொல்வதால் அவனுக்கு வேலைதான் கெடுகிறது. தெலுங்கு அரிச்சுவடி ஒன்று காஞ்சிபுரத்தில் கிடைத்தது. 'ம' வரைக்கும் வந்துவிட்டேன். உன் பெயரின் முதல் எழுத்து என்று அதிலேயே இரண்டு நாள் நின்றுவிட்டேன். மாஸ்டாரிடம் இதைச் சொல்லாதே, திருத்த வந்துவிடுவார்.

கல்வெட்டில் இன்னொரு வரி இருக்கிறது. முப்பத்தைந்து வயதுக்கு மேல், எழுபது வயதுக்குள் இருக்கிறவர் பெயரைத்தான் குடத்தில் போட வேண்டும். எனக்கு அறுபத்திரண்டுதான் நடக்கிறது. தகுதி போய்விடவில்லை.

உன் முழங்கால் நன்றாக இருக்கட்டும். அந்தப் பெண்கள் உன்னிடம் வாய் ஓயாமல் பேசட்டும். நீ எங்கே இருந்தாலும் உன் வாசலில் சிரிப்புச் சத்தம் கேட்கட்டும்.

சொம்பிலிருந்து அந்தப் பூவை எடுத்து ஜன்னலில் வை. சொம்பைக் கவிழ்த்துத் துடை. இரண்டு சீட்டிலும் ராஜமுந்திரி என்றே எழுதி, குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடு. எடுத்ததும் எனக்குப் போன் செய்து படித்துக் காட்டு, ஸ்பீக்கரில் போடாமல்.

என்றும் உன்,
தணிகைவேல்